ஜீரோ வராத கால்குலேட்டர்

மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் பூதிப்பாறைக்குக் கிழக்கே திராட்சைத் தோட்டங்கள் உண்டு, மேற்கே ஏலக்காய் தரம் பிரிக்கிற கொட்டகைகள் உண்டு, நடுவில் ஒரு பஸ் ஸ்டாண்டும் அதையொட்டி ஒரு மருந்துக்கடையும் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரும் உண்டு, அந்த சென்டரின் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் மினிபஸ் டிரைவர் மொக்கராசுவின் மனைவி தவமணி செய்து வைத்த கால்குலேட்டர் ஒன்றும் உண்டு, அதில் சி என்ற பொத்தானை அமுக்கினால் துக்கம் போய்விடும். இதில் எதையும் நாங்கள் வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. கேட்டால் சொல்வோம், கேட்காவிட்டால் டீயைக் குடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவோம்.

தவமணிக்கும் மொக்கராசுவுக்கும் இதழினி என்று ஒரே மகள் இருந்தாள். ஏழு வயது, இரண்டாம் வகுப்பு, இடது புருவத்தில் கட்டில் விளிம்பு பட்ட தழும்பு. ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் ஐந்து நாள் இறங்காமல் நின்று ஆறாம் நாள் காலையில் அவளைக் கொண்டுபோய்விட்டது. பள்ளிக்கூடம் விடுகிற நாலு பத்துக்கு மொக்கராசுவின் பஸ் அந்தச் சுவரோரம் வந்து நின்று இரண்டு தடவை ஹாரன் அடிக்கும், அவள் ஓடி வந்து ஏறி டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கிற என்ஜின் பெட்டி மேல் உட்காருவாள், சூடு தாக்காமலிருக்க அப்பா அதில் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டிருப்பார். அவள் போன பிறகும் அந்த பஸ் நாலு பத்துக்கு நின்றது, இரண்டு தடவை ஹாரன் அடித்தது, துண்டும் மடித்தபடியே கிடந்தது. முதல் மாதம் பஸ் அங்கே நிற்கிற இரண்டு நிமிஷமும் பஸ்ஸுக்குள் ஒருத்தரும் பேசமாட்டோம், பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

தவமணி மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். சோறு வைத்தால் சாப்பிட்டாள், வைக்காவிட்டால் இல்லை. மகளிர் குழுவில் இலவசமாகக் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு மொக்கராசுதான் அவள் பெயரைக் கொடுத்தான், கொடுத்துவிட்டு வந்து கட்டிலோரம் குந்தி உட்கார்ந்து, "நீ ஒண்ணும் படிக்க வேணாம் தவம், சும்மா போய் ஃபேனுக்கடியில உக்காந்துட்டு வா, வீட்ட விட்டு வெளிய வந்தாப் போதும்" என்றான். அப்படித்தான் அவள் மாடி ஏறினாள். பிறகு நடந்ததற்கெல்லாம் தான்தான் காரணம் என்று அவன் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

சொல்லிக்கொடுத்தவள் நிலோபர், இருபத்து நாலு வயது, சுறுசுறுப்பானவள், எதற்கும் சிரிக்கிறவள். முதலில் திரையில் பெயர் எழுத வைத்தாள், பிறகு பெயருக்கு நிறம் பூச வைத்தாள், பிறகு கால்குலேட்டர். உலகத்தில் கம்ப்யூட்டர் படிக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கட்டுகிற குடிசை அதுதான் என்றாள். ஒரு பெட்டி போட்டு, அதற்குள் பதினேழு குட்டிப் பெட்டி போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணோ குறியோ எழுதி, எதை அமுக்கினால் என்ன ஆகவேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். தவமணி பிழைகளோடுதான் எழுதினாள், ஆனால் அலுத்துக்கொள்ளாமல் எழுதினாள். எங்கே புள்ளி விட்டுப்போனது, எங்கே அடைப்புக்குறி மூடவில்லை என்று தேடிக்கொண்டிருக்கிற நேரத்தில் வேறெதுவும் ஞாபகத்துக்கு வராது என்பதை அவள் இரண்டாம் வாரத்திலேயே கண்டுகொண்டாள்.

கடைசியாக சி பொத்தான். அதை அமுக்கினால் திரை சுத்தமாகவேண்டும் என்று மட்டும் நிலோபர் சொல்லியிருந்தாள். கடைக் கால்குலேட்டரில் அதை அமுக்கினால் ஒரு ஜீரோ வந்து நிற்கும். தவமணிக்கு அது ஞாபகம் வரவில்லை. அவள் வீட்டில் துடைப்பது என்றால் துடைத்துப் பிழிந்து, தரையில் ஈரம்கூட நிற்காமல் காயவிடுவது. ஆகவே திரையில் என்ன இருக்கவேண்டும் என்று எழுதுகிற வரியில், இரண்டு மேற்கோள் குறிகளைப் போட்டு, நடுவில் ஒன்றுமே எழுதாமல் விட்டாள்.

"ஏதாச்சும் ஒரு நம்பரப் போட்டு அமுக்கிப் பாருங்கக்கா" என்றாள் நிலோபர்.

விரல் தானாகப் போய் 104.2 என்று அடித்தது. அது ஐந்தாம் நாள் சாயங்காலம் இதழினியின் காய்ச்சல், தெர்மாமீட்டரை அன்றைக்குப் பிடித்திருந்தவள் தவமணி. அடித்துவிட்டு சி அமுக்கினாள். எண் போய்விட்டது. வெள்ளைத் திரை. கூடவே மூன்று மாதமாக நெஞ்சுக்குழியில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது, பக்கத்துச் சீட்டில் இருந்தவர் தன் ஊர் வந்ததும் சொல்லாமல் இறங்கிப்போகிற மாதிரி.

"ஜீரோ வரணுமேக்கா, வெறுமையா இருக்கே" என்று நிலோபர் எட்டிப் பார்த்தாள். அந்த வெறுமையோடு ஐந்தைக் கூட்டச்சொன்னாள். விடை வரவேண்டிய இடத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள் வந்தன, எண்ணே இல்லை என்று அதற்கு அர்த்தம். "ஒண்ணுமில்லாததோட எதையும் கூட்ட முடியாதுக்கா, அதான். நாளைக்குச் சரி பண்ணிக்கிருவோம்" என்றாள்.

தவமணி சரி என்றாள். இறங்கிப்போய் முருங்கைக்கீரை வாங்கி, உருவி, சமைத்து, இதழினியின் புத்தகப்பையையும் குடையையும் பரணில் ஏற்றிவைத்து, வீட்டைத் துடைத்துக் காயவிட்டாள். சாயங்காலம் வந்த மொக்கராசு அவள் எழுந்து நடமாடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான், பரணைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். ஸ்டூல் போட்டு ஏறிப் பையை மட்டும் கீழே இறக்கி, ஆணியில் பழையபடி மாட்டினான். அவள் அதைத் தடுக்கவுமில்லை.

அடுத்த நாள் சரிசெய்ய முடியவில்லை. இட்லிக்கடை பஞ்சவர்ணம் அதற்குள் மாடியேறி வந்துவிட்டாள். தவமணி கீரை வாங்கிய விதத்தைப் பார்த்தே அவளுக்கு ஏதோ புரிந்திருந்தது, என்னவென்று கேட்டதற்குத் தவமணி பொத்தானைப் பற்றிச் சொல்லியிருந்தாள். பஞ்சவர்ணத்தின் தம்பி நான்கு வருஷத்துக்கு முன் கிணறு வெட்டப்போன இடத்தில் மண் சரிந்து போனவன். "எனக்கும் ஒருவாட்டி அமுக்கிவிடாத்தா" என்று மூன்றாம் நம்பர் நாற்காலியில் உட்கார்ந்தாள். என்ன எண் அடிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் யோசித்து, அவன் போன் நம்பரை அடித்தாள். பத்து எண்ணும் வரிசையாக வந்து நின்றன. அமுக்கினாள். "அம்புட்டுத்தானா?" என்று கேட்டாள், அம்புட்டுத்தான் என்றார்கள், இறங்கிப்போய் மாவு கரைத்தாள்.

பிறகு ஊர் வந்தது. மதியம் இரண்டிலிருந்து நாலு வரைக்கும் என்று நிலோபர் நேரம் ஒதுக்கினாள், எழவு வீட்டுக்குப் போகிறபோது வாசலில் விடுகிற மாதிரி எல்லாரும் மாடிப்படியின் அடியில் செருப்பை விட்டார்கள், அப்படி விடச்சொல்லி யாரும் சொல்லவில்லை. என்ன எண் அடிப்பது என்பதில்தான் ஆரம்பத்தில் குழப்பம் இருந்தது, போகப்போக அதற்கும் ஒரு வழக்கம் உண்டாயிற்று. செத்தவர்களுக்கு வயது, ஓடிப்போனவர்களுக்கு அவர்கள் ஏறிய பஸ்ஸின் நம்பர், பரீட்சையில் போனதற்கு மார்க், நின்றுபோன கல்யாணத்துக்கு மண்டபத்தில் தேதி குறித்த நாள், வெட்டிய புளியமரத்துக்கு அது நின்ற சர்வே நம்பர். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் குழந்தையில்லாத ஒரு தம்பதி சேர்ந்து வந்து பதினாறு என்று அடித்து, இருவருமாக ஒரே விரலாக வைத்து அமுக்கிவிட்டுப் போனார்கள். நிலோபரும் ஒரு நாள் ஆளில்லாத நேரத்தில் ஏதோ அடித்து அமுக்கினாள், அதற்குப் பிறகு அவள் சிரிப்பது குறைந்தது, குறைந்ததை அவளும் பொருட்படுத்தவில்லை. நானும் அமுக்கினேன். நான் அடித்த எண் எது என்று கேட்காதீர்கள்.

ஊர் நல்லபடியாகத்தான் நடந்தது. சண்டை இல்லை, ஏனென்றால் சண்டைக்கு வேண்டிய வருத்தம் இல்லை. பந்தல்காரர் சுருளி ஒரு நாள் டீக்கடையில் வந்து உட்கார்ந்து, பூதிப்பாறை தோன்றிய நாளிலிருந்து இதுதான் முதல் தடவை, பிணத்தைச் சொன்ன நேரத்துக்கு எடுத்துவிட்டார்கள் என்றார். மூன்று மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள், மூன்றுக்கு எடுத்தார்கள். பெண்கள் வழக்கப்படி வட்டமாக நின்று தோளில் கை போட்டுக்கொண்டார்கள், போட்டுக்கொண்டு நின்றார்கள், பிறகு கையை எடுத்துக்கொண்டார்கள். கொட்டுக்காரர்கள் பத்து நிமிஷம் அடித்துப் பார்த்துவிட்டு யாரும் அழாததால் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் சுருளியைப் பார்த்திருக்கிறார்கள். "நான் என்னத்தக் கண்டேன், கையக் காட்டி நிறுத்தச் சொல்லிட்டேன்" என்றார் சுருளி. அவருக்கு அதில் வருத்தமுமில்லை.

வருத்தம் போன இடத்தில் வேறு எதுவும் வந்து சேரவில்லை என்பதை நாங்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தோம், கவனித்தபோதும் பதறவில்லை. பஞ்சவர்ணத்தின் மகளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிள்ளை பிறந்தது, போனில் சொன்னார்கள், "சரி" என்று சொல்லி வைத்துவிட்டு அடுத்த ஈடு இட்லி ஊற்றினாள். அந்த வருஷம் திராட்சை நல்ல காய்ப்பு, கொத்துக்கொத்தாகத் தொங்கியதை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தோட்டக்காரர்கள் வீட்டுக்கு வந்து படுத்தார்கள். கோயில் கொடையில் கரகம் ஆடினார்கள், நாங்கள் பார்த்தோம், முடிந்ததும் எழுந்து வந்தோம். எங்களோடு எதைக் கூட்டினாலும் விடை வரவில்லை.

ஊரில் அமுக்காத ஒரே ஆள் மொக்கராசு.

அவன் நாலு பத்துக்குப் பள்ளிக்கூடச் சுவரோரம் நின்றான், இரண்டு தடவை ஹாரன் அடித்தான், கண்ணாடியில் முகத்தைப் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். நாங்கள் உள்ளே உட்கார்ந்து அந்த இரண்டு நிமிஷத்தையும் பார்த்துக்கொண்டிருந்தோம், கோபமில்லை, இரக்கமுமில்லை, சிக்னலில் நிற்பதைப் போல இருந்தோம். என்ஜின் பெட்டிமேல் துண்டு மடித்துக் கிடந்த இடம் காலியாக இருந்ததால் அதில் காய்கறிப் பையை வைத்தோம். கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை, காலியாக இருந்தது, வைத்தோம். அவன் எடுத்துக் கீழே வைப்பான். மறுநாள் வேறு யாராவது வைப்பார்கள். அவன் எடுத்துக் கீழே வைப்பான். ஐப்பசி நெருங்கியபோது அவனே செலவழித்து முதலாமாண்டு நினைவஞ்சலி போஸ்டர் அடித்து வந்து, பஸ் ஸ்டாண்டுச் சுவரில் தன் கையாலேயே பசை தடவி ஒட்டினான். அச்சாபீஸ்காரரும் அமுக்கியவர்தான், ஆகவே கண்ணீர்த்துளி போடுகிற மூலையில் அவர் ஒன்றும் போடவில்லை. மொக்கராசு வீட்டிலிருந்து நீல ஸ்கெட்ச் பேனா கொண்டுவந்து எட்டு போஸ்டரிலும் ஒவ்வொரு சொட்டாக வரைந்தான், சுருளி பக்கத்தில் நின்று பசைவாளியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏப்பா மொக்கராசு, ஊரே அமுக்கிருச்சு, நீ மட்டும் ஏன் இப்படிக் கெடந்து அவதிப்படுற? ஒரு நிமிச வேல" என்றார்.

"எனக்கு அவதியா இல்லண்ணே, எம் மக அது" என்றான் மொக்கராசு.

அன்று வீட்டில் ரசச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவனுக்குப் பாதியில் கண்ணில் நீர் கொட்டியது. தவமணி பார்த்தாள், இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். சாப்பாட்டின் நடுவில் அவன் அழுவதும் அவள் ரசம் ஊற்றுவதும் அந்த வீட்டில் எட்டு மாதமாக நடப்பதுதான்.

"தவம், இதழு மூஞ்சி உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மாமா. மாநிறம். முன்பல்லு ரெண்டும் விழுந்து ஒண்ணு மொளைச்சிருந்துச்சு. எடது புருவத்துல தழும்பு." ரேஷன் கார்டைப் படிப்பதுபோல் வரிசையாகச் சொன்னாள்.

"அந்தத் தழும்ப நெனச்சா உனக்கு ஒண்ணும் செய்யலையா?"

அவள் உண்மையாகவே நினைத்துப் பார்த்தாள். கட்டில் விளிம்பு வந்தது, ரத்தம் வந்தது, மஞ்சள் வைத்து அழுத்தியது வந்தது. "இல்ல மாமா" என்றாள்.

மொக்கராசு தட்டைத் தள்ளிவைத்தான். பிறகு சொன்னான், "என்னால தனியாத் தூக்க முடியல தவம். பிள்ளையும் இல்ல, நீயும் இல்ல. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு நான் ஒரு ஊர்லயும் நீ ஒரு ஊர்லயுமா இருக்கோம். வெள்ளிக்கிழம அவ போன நாளு. மத்தியான ட்ரிப்ப விட்டுட்டு வந்து நானும் அமுக்கிர்றேன். நீ இருக்கிற எடத்துக்கே வந்துர்றேன்."

"சரி மாமா" என்றாள் தவமணி. "ரெண்டு மணிக்கு வாங்க. கூட்டம் கம்மியா இருக்கும்."

வெள்ளிக்கிழமை அவள் பன்னிரண்டு மணிக்கே மாடியேறி மூன்றாம் நம்பர் முன்னால் உட்கார்ந்தாள். சென்டரில் நிலோபரைத் தவிர யாருமில்லை. தவமணிக்கு எதுவும் தோன்றவில்லை, ஆனால் எண்ணத் தெரியும். இதழினிக்காக அழுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினாள். வகுப்பு டீச்சர் அமுக்கிவிட்டார். பக்கத்து வீட்டில் அமுக்கிவிட்டார்கள். மதுரையிலிருந்து தவமணியின் அண்ணன் குடும்பத்தோடு வந்து அமுக்கிவிட்டுப் போயாயிற்று. அவளே அமுக்கிவிட்டாள். மிச்சம் ஒருத்தர். இரண்டு மணிக்கு அவரும் வந்துவிடுவார்.

ஒன்று என்று அடித்தாள். கழித்தல் அடித்தாள். ஒன்று என்று அடித்தாள். சமக்குறியை அமுக்கினாள்.

திரையில் ஜீரோ வந்தது.

அவள் அதைப் பார்த்தாள். எட்டு மாதமாக அந்தத் திரையில் எத்தனையோ பேருடைய எண்கள் போனதைப் பார்த்திருக்கிறாள், போன இடத்தில் ஒன்றும் நின்றதில்லை. இங்கே ஒன்று இருந்தது, அது போயிற்று, போனதும் அந்த இடத்தில் வட்டமாக ஒன்று நிற்கிறது. மறுபடியும் செய்து பார்த்தாள், ஏழிலிருந்து ஏழைக் கழித்தாள், அதற்கும் நின்றது. சி அமுக்கினாள், அதுவும் போய் வெள்ளையாயிற்று. துண்டு விரித்த என்ஜின் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. வலிக்கவில்லை, ஞாபகத்துக்கு வந்தது, அவ்வளவுதான்.

"டீச்சர், சி அமுக்குனா ஜீரோ வரணும்னு மொத நாளே சொன்னீங்கள்ல. சரி பண்ணிக்கிருவோம்னு."

நிலோபர் தன் திரையிலிருந்து திரும்பாமலே சொன்னாள், "சொன்னேன்க்கா. இப்பப் போய் அத எதுக்கு? ஊரே பழகிருச்சு. மாத்தினா என்னாகும்னு தெரியாது."

"வேலையப் பாதியில விட்ட மாதிரி இருக்கு."

"விட்டா விட்டதுதான்க்கா. யாரும் கேக்கல."

"இதழு அப்பா ரெண்டு மணிக்கு வர்றாரு" என்றாள் தவமணி. "அவரும் அமுக்கிட்டா, போஸ்டர்ல சொட்டு வரையறதுக்கு அடுத்த வருசம் ஆள் இல்ல."

நிலோபர் எழுந்து வந்து, எந்த வரி என்று விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். தவமணி இரண்டு மேற்கோள் குறிகளுக்கும் நடுவில் அம்புக்குறியை வைத்தாள். ஒரு எண்தான் அடிக்கவேண்டும். அடித்தாள். சேமித்தாள். மணி ஒன்றே முக்கால்.

மொக்கராசு டிரைவர் சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டை போட்டு வந்தான், மாடிப்படியின் அடியில் செருப்பை விட்டான். படியில் நின்ற நாங்கள் சுவரோரம் ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டோம், கடைசி ஆளும் வந்தாயிற்று என்று யாரோ சொன்னார்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"என்ன நம்பர் அடிக்கணும்?"

"உங்களுக்கு எது தோணுதோ அது, மாமா."

அவன் காய்ச்சலை அடிக்கவில்லை, வயதை அடிக்கவில்லை. குனிந்து ஒற்றை விரலால் நாலு, புள்ளி, ஒன்று, ஜீரோ என்று அடித்தான். விரலைக் கொண்டுபோய் சி மேல் வைத்தான்.

"இருங்க மாமா" என்று தவமணி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "இப்பத்தான் மாத்தினேன். சரியா வேல செய்யுதான்னு நான் ஒருவாட்டி பாத்துர்றேன்."

அவன் அடித்ததைச் சி அமுக்கி அழிக்காமல் ஒவ்வொரு எண்ணாகப் பின்னால் வந்து எடுத்தாள். பிறகு 104.2 என்று அடித்தாள். அமுக்கினாள்.

ஜீரோ வந்து நின்றது.

முதலில் நாற்காலியின் விளிம்பு தொடையில் குத்துவது தெரிந்தது, எட்டு மாதமாக அந்த நாற்காலி உடைந்துதான் இருந்திருக்கிறது. பிறகு உள்ளங்கை சுட்டது. ஐந்தாம் நாள் சாயங்காலம் இதழினியின் நெற்றியில் வைத்த கை அது, வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்த கை. "அம்மா கைய எடுக்காத, சில்லுனு இருக்கு" என்று பிள்ளை சொன்னது கேட்டது. தவமணி வாயைத் திறந்தாள், அப்போது வந்த சத்தத்துக்கு மருந்துக்கடைக்காரர் கல்லாவை விட்டு ஓடி வந்தார். "ஐயோ கைய எடுத்துட்டனே, மாமா, கைய வச்சிருக்கச் சொன்னாளே, நான் எடுத்துட்டனே" என்று மொக்கராசுவின் வெள்ளைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் தரையில் மண்டியிட்டு அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டான். "வந்துட்டியா தவம்" என்றான், "வந்துட்டியா" என்றான். ஒரு வருஷத்தில் அவன் தனியாக அழாத முதல் அழுகை அது. நாங்கள் படியில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தோம், என்ன செய்வது என்று எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

பஞ்சவர்ணம்தான் அவர்கள் இருவரையும் தாண்டிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து பத்து எண்களை அடித்தாள். அமுக்கிய ஒரு நிமிஷத்தில் தம்பியின் பெயரைச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டாள், மூன்றாம் நிமிஷத்தில் அப்படியே அழுதுகொண்டே, "ஏய், எனக்குப் பேரன் பெறந்துருக்கான்டி, எவளாச்சும் கேட்டீங்களாடி" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த வாரங்களில் ஒவ்வொருவராக மாடியேறினோம். வராதவர்களும் இருக்கிறார்கள், அவர்களை யாரும் வற்புறுத்துவதில்லை. நிலோபர் இன்னும் மறுபடி அமுக்கவில்லை. நான் அமுக்கினேன், என் அண்ணன் வெளியூர் போன பஸ்ஸின் நம்பர் ஐம்பத்தேழு.

அந்தக் கால்குலேட்டரில் ஒரு கோளாறு மட்டும் மிச்சம் இருக்கிறது. அழித்துவிட்டு ஐந்து அடித்தால் வெறும் ஐந்து வருவதில்லை, முன்னால் அந்த ஜீரோ நின்றுகொண்டு 05 என்று வருகிறது, எட்டு அடித்தால் 08 என்று வருகிறது. கூட்டினால் விடை சரியாகத்தான் இருக்கிறது. "அந்த ஜீரோவ எடுத்துரலாம்க்கா, ரெண்டு வரி எழுதினாப் போதும்" என்று நிலோபர் சொன்னாள்.

"இருந்துட்டுப் போகட்டும் டீச்சர்" என்றாள் தவமணி.

அந்த வெள்ளிக்கிழமை மொக்கராசு மத்தியான ட்ரிப்பைத்தான் விட்டிருந்தான், நாலு மணி ட்ரிப்பை விடவில்லை. முகம் வீங்கிய தவமணி முதல் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். சந்தையிலிருந்து ஏறிய சுருளி என்ஜின் பெட்டிமேல் கிடந்த துண்டைப் பார்த்தார், கையிலிருந்த பையைப் பார்த்தார், அவர் அன்றைக்கு இன்னும் மறுபடி அமுக்கியிருக்கவில்லை, வழக்கம்போல் பையை அதன்மேல் வைத்தார். தவமணி எழுந்து பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், துண்டின் சுருக்கத்தை நீவிவிட்டு மறுபடி நாலாக மடித்துப் போட்டாள். நாலு பத்துக்கு வண்டி பள்ளிக்கூடச் சுவரோரம் நின்றது. ஹாரன் இரண்டு தடவை அடித்தது. தவமணி, ஏறுகிறவர்களுக்கு இடம் விடுவதுபோல், காலை ஒடுக்கிக்கொண்டாள்.